புதிய சைக்கிள் பாதையைச் சோதித்துப் பார்க்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

1980 அக்டோபரில் நியூயார்க்கில், மன்ஹாட்டனின் நெரிசலான சில அவென்யூக்களில் தடுப்பு வைத்த சைக்கிள் பாதைகள் திறக்கப்பட்டன. அப்போதைய மேயர் எட் காச் ஆர்வத்தோடு போட்ட பாதைகள் அவை. சாலை திணறுகிறது, இதில் போக சைக்கிளே இல்லை என்று எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த மாதமே அவரே அவற்றை எடுக்கச் சொல்லிவிட்டார். மன்ஹாட்டன் அவென்யூ ஒன்றில் அப்படியொரு பாதை மறுபடி வந்தது 2007-இல்தான்.

அவசரமாகக் கைவிட்ட சோதனையால் வரும் பெரிய நஷ்டம் இதுதான். பாதையைத் தற்காலிகமாகப் பிரிக்க வைக்கும் கூம்புக்கும் பெயிண்டுக்கும் ஆகும் செலவு பெரிதில்லை. "அதையெல்லாம் செய்து பார்த்தாச்சு, சரிப்படவில்லை" என்ற ஒரு வரி அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு எந்தப் பேச்சையும் தொடங்கவிடாமல் அடைத்துவிடுகிறது. நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்கள் அந்த ஆண்டுகள் முழுக்க பழைய தெருவிலேயே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட சோதனைகளைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகிக்கொண்டே வருகிறது. பாதை மோசமாக இருந்து தோற்றவற்றைவிட, எதையும் தெரிந்துகொள்ள முடியாதபடி நடத்தப்பட்டதால் தோற்றவைதான் அதிகம். என்ன தெரிய வேண்டும் என்று முதலில் எழுதி வைக்காமலே கூம்புகளை இறக்கிவிடுகிறார்கள். அப்புறம் யார் குரல் ஓங்குகிறதோ அவர் சொல்வதே முடிவாகிவிடுகிறது.

முன்பு எப்படி இருந்தது என்று எண்ணாமல் தொடங்குவது

எல்லாத் தவறுகளிலும் இதற்குத்தான் பரிகாரமே கிடையாது. பாதை அகலம் குறைந்தால் அகட்டலாம், கம்பம் சாய்ந்தால் நிமிர்த்தலாம். கூம்பு வைத்த பிறகு, வைப்பதற்கு முந்தைய தெருவை அளக்க முடியாது. "முன்னாடி பத்து நிமிஷத்தில் போவேன், இப்போது அரை மணி நேரம் ஆகிறது" என்று ஒருவர் சொன்னால், அது சரியா தவறா என்று சொல்ல யாரிடமும் எண் இருக்காது.

என்னென்ன எண்ண வேண்டும்? சைக்கிள்கள், நடந்து போகிறவர்கள், சாலையைக் குறுக்கே கடப்பவர்கள், கார்களும் பஸ்களும் அந்தத் துண்டைக் கடக்க எடுக்கும் நேரம், வண்டிகளின் வேகம். பக்கத்துத் தெருக்களில் ஓடும் வண்டிகளையும் விட்டுவிடக் கூடாது. பிரதான சாலையில் குறைந்த வண்டிகள் எல்லாம் உள்தெருவுக்குள் புகுந்துவிட்டன என்ற புகார் நிச்சயம் வரும். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். முன்கூட்டியே எண்ணி வைத்தவர்களால் மட்டும்தான் அதை உறுதியாகச் சொல்லவோ மறுக்கவோ முடியும்.

ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நின்று எண்ணிவிட்டு வருவது போதாது. மழை, பள்ளி விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் எங்கோ பள்ளம் தோண்டிய வேலை என்று எல்லாமே எண்ணிக்கையை மாற்றிவிடும். நல்ல வெயில் காலத்தில் ஒரு முறையும் குளிரில் ஒரு முறையும் எண்ணி இரண்டையும் ஒப்பிட்டால், தெரிவது வெயிலுக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசம்தான்.

அதனால்தான் மாற்றம் செய்யாத இன்னொரு தெருவையும் சேர்த்து எண்ண வேண்டும் என்கிறேன். 2009 மே மாதம் நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயரில் பிராட்வே சாலையைக் கார்களுக்கு மூடி, மடக்கு நாற்காலிகளைப் போட்டு நடப்பவர்களிடம் விட்டார்கள். போக்குவரத்து ஆணையராக ஜேனட் சாதிக்-கான் இருந்த காலம் அது. ஓடும் டாக்ஸிகளின் ஜிபிஎஸ் பதிவுகளை வைத்துப் பயண நேரத்தைப் பார்த்தார்கள். அந்தப் பகுதியில் வடக்கு நோக்கிய பயணங்கள் முந்தைய ஆண்டைவிட 17% வேகமாகியிருந்தன. இதோடு நிறுத்தியிருந்தால் பெரிய வெற்றி என்று கொண்டாடியிருக்கலாம். ஆனால் மாற்றம் எதுவும் செய்யாத கிழக்குப் பக்கத்தையும் அளந்தார்கள். அங்கேயும் 8% வேகம் கூடியிருந்தது. ஆக, அந்த 17%-இல் ஒரு பங்கு நகரம் முழுவதிலும் நடந்த மாற்றம். மிச்சத்தைத்தான் இந்தத் திட்டத்தின் கணக்கில் சேர்க்கலாம். இப்படி நேர்மையாகக் கழித்துக் காட்டுகிற கணக்கை எதிர்ப்பவர்களாலும் எளிதில் தள்ளிவிட முடியாது. 2010 பிப்ரவரியில் அந்த மாற்றம் நிரந்தரமாக்கப்பட்டது.

தலைகளை எண்ணும்போது யாருடைய தலை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதையில் வருகிறவர்கள் எல்லோரும் இளம் ஆண்களாகவே இருந்தால், மொத்த எண்ணிக்கை கூடியிருந்தாலும் அந்தப் பாதை மற்றவர்களுக்குப் பயமாக இருக்கிறது என்று அர்த்தம். குழந்தைகளும் பெண்களும் வயதானவர்களும் வரத் தொடங்கினார்களா என்பதுதான் அசல் கேள்வி.

"பாதை காலியாகத்தான் கிடக்கிறது" என்ற பேச்சுக்கும் எண்தான் பதில். சைக்கிள்கள் வரிசையில் தேங்கி நிற்காமல் வந்த வேகத்தில் போய்விடும். ஒரு நிமிடத்தில் பத்து சைக்கிள் போனாலும், நெரிசலில் காருக்குள் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குப் பாதை பெரும்பாலும் காலியாகத்தான் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறார்.

பாதியில் அறுந்து போகும் பாதை

சாலை அகலமாக இருக்கும் இடத்தில் முந்நூறு மீட்டருக்குப் பாதை போட்டு, சந்திப்பு நெருங்கியதும் "இங்கே இடமில்லை" என்று விட்டுவிடுவார்கள். நேர்ச்சாலையில் ஓட்டுவது அவ்வளவு ஆபத்தில்லை. திரும்பும் வண்டியும் நேரே போகும் சைக்கிளும் குறுக்கிடும் சந்திப்பில்தான் அடிபடுகிறார்கள். சந்திப்பைக் கைவிட்டுவிட்டு மற்ற இடத்தில் கம்பம் நட்டு என்ன பயன்? பத்து வயதுப் பிள்ளையை அனுப்பலாமா என்று யோசிக்கும் பெற்றோர், வழியில் வரும் மிக மோசமான அந்த ஐம்பது மீட்டரை வைத்தே முடிவெடுப்பார்கள்.

ஸ்பெயினின் செவில் நகரம் இதை நன்றாகப் புரிந்துகொண்டது. அங்கே அங்கொரு துண்டும் இங்கொரு துண்டுமாகப் போடவில்லை. 2006-ஐ ஒட்டித் தொடங்கி, ஒன்றோடு ஒன்று இணைந்த, வண்டிகளிலிருந்து பிரிக்கப்பட்ட சுமார் 80 கிலோமீட்டர் பாதையைக் குறுகிய காலத்தில் போட்டு முடித்தார்கள். சைக்கிள் பயணம் சில ஆண்டுகளிலேயே பல மடங்கானது. எல்லா ஊராலும் ஒரே மூச்சில் அவ்வளவு போட முடியாதுதான். ஆனால் சோதனைக்கு எடுக்கும் துண்டு சின்னதாக இருந்தாலும், அதன் இரண்டு முனைகளிலும் மக்கள் போக நினைக்கும் இடம் இருக்க வேண்டும்: ஒரு பக்கம் ரயில் நிலையம், மறுபக்கம் பள்ளி என்பது போல.

வெறும் வெள்ளைக்கோடு போட்டு அதைப் பாதை என்று சொல்லிச் சோதிப்பதும் வீண். அரை மணி நேரத்தில் அதன்மேல் கார் நிற்கும். சுற்றிப் போக சைக்கிள்காரர் வேகமாக வரும் வண்டிகளுக்கு நடுவே ஒதுங்க வேண்டும், அது கோடே இல்லாததைவிட மோசம். நிறுத்திய கார்களை ஒட்டிக் கோடு போட்டால் இன்னொரு சிக்கல் உண்டு. கார்க் கதவு திறந்தால் ஒரு மீட்டருக்கு மேல் வெளியே வரும். அந்த இடைவெளியை விடாமல் போடும் பாதை, கதவில் மோதும் வழியைக் கோடு போட்டுக் காட்டுகிறது.

நடப்பவர்களிடமிருந்து பிடுங்குவது

காருக்கான இடத்தைக் குறைத்தால் எதிர்ப்பு வரும் என்று பயந்து, நடைபாதையில் பாதியைச் சைக்கிளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இதைச் செய்வதைவிடச் சோதனையே நடத்தாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. நடப்பவரும் சைக்கிள்காரரும் ஒருவர்மேல் ஒருவர் எரிச்சலாக, இருவருக்கும் வேண்டிய இடம் நடுச்சாலையில் அப்படியே இருக்கும்.

பஸ் நிறுத்தத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பாதையை நிறுத்தத்தின் பின்புறமாகத் திருப்பி, பஸ் ஏறுபவர்கள் நிற்கப் பாதைக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு திட்டு அமைப்பது பல நகரங்களில் வழக்கம். சைக்கிளுக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் பார்வையற்றவர் அந்தத் திட்டுக்குப் போக, சத்தமே இல்லாமல் வரும் சைக்கிள்களைக் கடக்க வேண்டும். கடக்கும் இடத்தைத் தரையைச் சற்று உயர்த்திக் காட்டுவது, சைக்கிள் வேகம் குறையும்படி வளைவு வைப்பது, காலால் உணரும் புடைப்பு ஓடுகள் பதிப்பது ஆகியவற்றைத் தற்காலிக அமைப்பிலும் செய்யலாம். அந்த ஓடுகள் ஜப்பானில் செய்இச்சி மியாக்கே 1965-இல் உருவாக்கி, 1967-இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதித்தவை. இத்தனை காலமாக இருக்கும் ஒன்றைத் தற்காலிகம்தானே என்று சொல்லித் தவிர்ப்பதை ஏற்க முடியவில்லை. சாய்தளம் இல்லாத தற்காலிக மேடையும் அப்படித்தான். சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு அது ஆறு மாதச் சுவர்.

சிக்னல் நேரத்தையும் பாருங்கள். நடப்பவர் வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக் கணக்கிடுவது வழக்கம். 20 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க அந்த வேகத்தில் ஏறக்குறைய 17 விநாடி போதும். விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 25 விநாடி வேண்டும். நடைபாதை ஓரங்களை நீட்டிச் சாலையைக் குறுக்குவதால் கிடைக்கும் பெரிய நன்மையே இந்த விநாடிகள்தான். வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்குச் சில விநாடி முன்பே நடப்பவர்களுக்குப் பச்சை கொடுத்தால், திரும்பும் ஓட்டுநர் கண்ணில் அவர்கள் முதலிலேயே பட்டுவிடுவார்கள். இதற்குச் சிக்னல் பெட்டிக்குள் அமைப்பை மாற்றினாலே போதும்.

கடைக்காரர்களிடம் கடைசியில் போவது

பார்க்கிங் போனால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தை அலட்சியமாகப் பேசித் தள்ளுவது தவறு, கேள்வியே இல்லாமல் ஏற்றுக்கொள்வதும் தவறு. பெர்லினில் இரண்டு கடைத்தெருக்களில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டார்கள். அவர்கள் மதிப்பு சுமார் 22%. வந்தவர்களையே கேட்டபோது சுமார் 7%. காரில் வருகிறவர்தான் நிறுத்த இடமில்லை என்று கடைக்காரரிடம் முறையிடுவார். நடந்து வந்தவர் வந்த வழியைப் பற்றிக் கல்லாவில் பேசமாட்டார். அதனால் இந்த வித்தியாசம் எனக்கு ஆச்சரியம் தரவில்லை. டொரண்டோவில் 2016-இல் புளூர் தெருவில் சைக்கிள் பாதையைச் சோதித்தபோது, பாதை வருவதற்கு முன்பும் பின்பும் கடைக்காரர்களிடமும் வாங்க வந்தவர்களிடமும் கேட்டு, டான்ஃபோர்த் என்ற இன்னொரு கடைத்தெருவோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். வியாபாரம் விழவில்லை என்று காட்ட அது உதவியது.

சரக்கு இறக்கும் விஷயம் மட்டும் வேறு. அது நிஜமான தேவை. எந்தக் கடைக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு பெரிய வண்டி வருகிறது என்று முதல் வாரத்துக்கு முன்பே கேட்டு இடம் ஒதுக்காவிட்டால், அந்த வண்டி சைக்கிள் பாதையில்தான் நிற்கும். அதற்கு ஓட்டுநரைக் குறைசொல்லிப் பயனில்லை.

முதல் வாரக் கூச்சலில் முடிவெடுப்பது

லண்டனின் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் 2020 இலையுதிர் காலத்தில் போட்ட தற்காலிகப் பாதையை ஏழே வாரத்தில் அகற்றினார்கள். இங்கிலாந்துச் சட்டப்படி இப்படியான சோதனை ஆணை 18 மாதம் வரை நீடிக்கலாம், ஆட்சேபம் சொல்லவே 6 மாதம் உண்டு. மக்கள் வழக்கமாகப் போகும் வழியை மாற்ற, பழைய சைக்கிளைப் பழுதுபார்க்க, பிள்ளையை அனுப்பிப் பார்க்க ஏழு வாரம் எப்படிப் போதும்? ஓட்டுநர்களுக்கு இடைஞ்சல் முதல் நாளே தெரியும். பயன் மெல்லத்தான் தெரியும்.

ஸ்டாக்ஹோமில் 2006 ஜனவரி முதல் ஜூலை வரை நகரத்துக்குள் வரும் வண்டிகளுக்கு நெரிசல் கட்டணம் விதித்துப் பார்த்தார்கள். இது பாதை பற்றியதில்லை என்றாலும் சோதனை நடத்த நல்ல பாடம். தொடங்கும்போது பெரும்பாலோர் எதிர்த்தார்கள். சொன்ன தேதியில் நிறுத்தினார்கள், வண்டிகள் திரும்பப் பெருகின. இரண்டையும் பார்த்த நகரவாசிகள் செப்டம்பரில் வாக்களித்து அதை ஆதரித்தார்கள்.

நீண்ட காலம் விடுவது என்றால் தொடாமல் விடுவது என்று பொருளில்லை. புளூர் தெருவில் தொடக்கத்தில் கார்களுக்குக் கூடிய தாமதம், சிக்னல் நேரங்களை மாற்றியமைத்த பிறகு குறைந்தது. கூம்பையும் கம்பத்தையும் வைத்துச் சோதிப்பதே, வைத்த இடம் தவறு என்று தெரிந்தால் மறுநாள் நகர்த்தத்தான். முதல் மாதம் வாரந்தோறும் தெருவில் நடந்து பார்க்க ஒருவர் வேண்டும். நகர்த்தினால் எதை, ஏன் நகர்த்தினோம் என்று தேதியோடு எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்களில் வரும் மாற்றம் எதனால் என்று பிற்பாடு புரியாது.

ஆறு மாத விபத்துக் கணக்கை வைத்து வெற்றி தோல்வி பேசவும் கூடாது. ஒரு தெருவில் பெரிய விபத்துகள் எப்போதாவதுதான் நடக்கும், மூன்று விபத்து இரண்டாகக் குறைவதும் இரண்டு நான்காகக் கூடுவதும் தற்செயலாகவே நடக்கலாம். வண்டிகளின் வேகத்தையும், மோதாமல் மயிரிழையில் தப்பிய தருணங்களையும் கேமராவில் பார்த்து எண்ணுவது மேல். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இப்படி எண்ணுவதற்கு ஒரு முறையையே வளர்த்தெடுத்திருக்கிறார்கள்.

எந்தத் தேதியில், யார், எந்த எண்களைப் பார்த்து முடிவெடுப்பார்கள் என்பதைக் கூம்பு இறங்கும் முன்பே அறிவித்துவிட வேண்டும். பஸ் தாமதம் எவ்வளவு வரை ஏற்கலாம், எவ்வளவு கூடினால் வடிவத்தை மாற்றுவோம் என்பதும் அந்த அறிவிப்பில் இருக்கட்டும். நிரந்தரமாக்கினால் வேண்டிய பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதையும் அப்போதே பேசி வைக்க வேண்டும். அது இல்லாத இடங்களில் சோதனை முடிந்தும் யாரும் எதுவும் சொல்வதில்லை. வண்டி இடித்துச் சாய்ந்த பிளாஸ்டிக் கம்பங்களும் பாதி அழிந்த பெயிண்டும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஜனங்கள் சைக்கிள் பாதை என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கத் தொடங்குகிறார்கள். உடைந்த கம்பத்தை ஒரு வாரத்துக்குள் மாற்ற ஓர் ஆளும், கையில் மாற்றுக் கம்பங்களும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.