வெளிநாட்டுப் பணிக்கான கலாசாரப் பயிற்சி: எங்கே தவறுகிறார்கள்?

வெளிநாட்டில் கிளை திறக்கும் பல நிறுவனங்கள், அங்குள்ள ஊழியர்களுக்குத் தலைமையகத்து வழக்கங்களைச் சொல்லிக்கொடுப்பதையே கலாசாரப் பயிற்சி என்று நினைக்கின்றன. இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். முதலில் கற்க வேண்டியவர், அங்கே போய் இறங்கும் அதிகாரி.

அமெரிக்கச் சில்லறைக் கடை நிறுவனமான வால்மார்ட் 1997 இறுதியில் வெர்ட்காவ்ஃப் நிறுவனத்தின் 21 கடைகளை வாங்கி ஜெர்மனிக்குள் நுழைந்தது. மறு ஆண்டே இன்டர்ஸ்பாரின் 74 கடைகளையும் வாங்கியது. ஜெர்மன் தெரியாத அமெரிக்கர் தலைமைக்கு வந்தார். நிர்வாகத்தின் மொழி ஆங்கிலமானது. ஊழியர்கள் காலையில் கூடி நிறுவனத்தின் பெயரைக் கோஷம் போட வேண்டும், வாடிக்கையாளரைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டும், வாங்கிய பொருள்களைப் பையில் போட்டுத் தர வேண்டும். ஜெர்மானியர்களோ தாங்களே எடுத்து வைத்துப் பழகியவர்கள். அந்த உபசரிப்பு பலருக்குச் சங்கடமாக இருந்தது.

இன்னொரு மோசமான தவறு, சட்டத்தைப் பயிற்சியில் சேர்க்காமல் விடுவது. ஜெர்மனியில் வேலையிட நடத்தை விதிகளை வகுப்பதில், ஊழியர்கள் தேர்ந்தெடுத்த குழுவுக்குச் சட்டப்படி பங்கு உண்டு. வால்மார்ட் அந்தக் குழுவின் ஒப்புதல் இல்லாமலே, சக ஊழியர்களுக்கிடையிலான காதலுக்குக்கூடக் கட்டுப்பாடு விதிக்கும் நடத்தை விதித் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. 2005-ல் வுப்பர்டால் தொழிலாளர் நீதிமன்றம் அதன் பல பகுதிகளை ஏற்கவில்லை. 2006-ல் 85 கடைகளை ஜெர்மன் வணிக நிறுவனமான மெட்ரோவுக்கு விற்றுவிட்டு நிறுவனம் வெளியேறியது. நஷ்டம் சுமார் 100 கோடி டாலர். ஆல்டி, லிடில் போன்ற ஜெர்மன் மலிவு விலைக் கடைகளின் விலைப் போட்டியும் பெரிய காரணம்தான். ஆனால் நீதிமன்றம் வரை போன அந்தச் சண்டை நிச்சயம் தவிர்த்திருக்கக் கூடியது.

அப்புறம், நாடுகளின் கலாசாரத்துக்கு மதிப்பெண் போட்ட அட்டவணைகள். டச்சு சமூக உளவியலாளர் ஹாஃப்ஸ்டீட் ஐபிஎம் ஊழியர்களிடம் நடத்திய ஆய்விலிருந்து வந்த எண்கள் பல வகுப்புகளில் இன்றும் ஓடுகின்றன. அவை நாட்டுச் சராசரிகள். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரை அவற்றை வைத்து எடைபோட்டால் ஏமாற்றம்தான்.

விசிட்டிங் கார்டை இரண்டு கைகளால் வாங்குவது போன்ற மரியாதைகளை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். முடிவெடுப்பது யார், மேலதிகாரியிடம் மறுப்பை எப்படிச் சொல்வது, வேலை தாமதமானால் எப்போது தெரிவிப்பது என்பவற்றுக்குத்தான் நேரம் வேண்டும். சென்னையிலிருந்து ஜெர்மன் வாடிக்கையாளருக்கு மென்பொருள் செய்யும் குழு, தாமதத்தைக் கடைசி நாளில் சொன்னால் நம்பிக்கை போய்விடும். அதே குழுவிடம் முடியுமா முடியாதா என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டால் உண்மை வராது. தனியாகக் கேட்க வேண்டும் என்பதை அந்த வாடிக்கையாளரும் கற்றுக்கொள்ளட்டும்.

விமானம் ஏறும் முன் ஒருநாள் வகுப்போடு முடித்துக்கொள்வதும் போதாது. உண்மையான கேள்விகள் அங்கே போய் இரண்டு மூன்று மாதம் வேலை பார்த்த பிறகுதான் வரும். இரண்டாவது வகுப்பை அப்போது வையுங்கள், உடன் போன குடும்பத்தையும் அழையுங்கள்.