பிள்ளையின் கேமில் லெவல் அமைக்க உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் மதுரையில் பல வீடுகளில் பிள்ளைகள் ஸ்கிராட்சைத் திறந்து சொந்தமாக கேம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-இல் வெளியிட்ட அந்த மென்பொருள் இலவசம் என்பதால் தொடங்குவதில் சிரமம் இல்லை. அருகில் அமரும் பெரியவர்கள்தான் ஆண்டுதோறும் ஒரே இடங்களில் சறுக்குகிறார்கள். சேமிக்க மறப்பது போன்றவை ஒரு முறை பட்டால் தாமே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

லெவலை அமைத்த பிறகு குதிக்கும் வேகத்தை மாற்றுவது

இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் குறைவதில்லை. ஒரு பிள்ளை பல நாள் உட்கார்ந்து செய்ததை ஒரே எண் குலைத்துவிடுகிறது.

தெப்பக்குளத்துக்கு அருகில் வசிக்கும் சிறுமி ஒருத்தி, வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தையே முதல் லெவலாக வரைந்திருந்தாள். ஓர் அணில் கரையிலிருந்து நடு மண்டபம் வரை படகு படகாகத் தாவிப் போக வேண்டும். இரண்டாவது லெவல் திருமலை நாயக்கர் மகால். தூண்களுக்கு நடுவே தொங்கும் வௌவால்கள்மீது தலை படாமல் அணில் குதிக்க வேண்டும். அவளுடைய தம்பி முதல் லெவலிலேயே தண்ணீரில் விழுந்துகொண்டிருந்ததால், உதவிக்கு வந்த சித்தப்பா குதிக்கும் வேகத்தை 12-இலிருந்து 15 ஆக்கிக் கொடுத்தார். மூன்றுதானே கூட்டினோம் என்பது அவருடைய எண்ணம்.

அந்த மூன்று என்ன செய்கிறது என்று பாருங்கள். வழக்கமான முறையில், கட்டளைகள் திரும்பத் திரும்ப ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் அணில் தன் வேகத்தின் அளவுக்கு மேலே நகர்கிறது. பிறகு வேகத்தில் 1 குறைகிறது. வேகம் 12 என்றால் 12, 11, 10 என்று 1 வரை கூட்டி, 78 புள்ளி உயரம் போகும். 15 என்றால் 120 புள்ளி. அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். ஸ்கிராட்ச் மேடையின், அதாவது கேம் ஓடும் திரையின், மொத்த உயரமே 360 புள்ளிதான். தாவும் நீளமும் சேர்ந்தே மாறுகிறது: சுற்றுக்கு 5 புள்ளி பக்கவாட்டில் நகரும் அணில், முன்பு 25 சுற்றுகளில் 125 புள்ளி தாவியது, இப்போது 31 சுற்றுகளில் 155 புள்ளி தாவுகிறது.

படகுகளுக்கு இடையே 110 புள்ளியும், படகின் அகலம் 30 புள்ளியுமாக அவள் வைத்திருந்தாள். ஆகவே விசையை அழுத்திப் பிடித்தால் அணில் படகையே தாண்டி அப்பால் தண்ணீரில் விழுந்தது. மகாலில் தலைக்கு மேல் 100 புள்ளி உயரத்தில் தொங்கிய வௌவால்கள் ஒவ்வொரு குதிப்பிலும் இடித்தன. சித்தப்பா படகுகளைத் தள்ளி வைத்தார், வௌவால்களை மேலே ஏற்றினார், அவை வளைவுக்குள் மறைந்ததும் வளைவையே அழித்து வரைந்தார். அன்று மாலைக்குள் அந்தச் சிறுமி வரைந்தது என்று சொல்ல அதில் அதிகம் மிஞ்சவில்லை. அவள் எழுந்து போய்விட்டாள். தம்பி விழுந்த அந்த ஒரு படகை மட்டும் 20 புள்ளி அருகில் நகர்த்தியிருந்தால் போதும்.

எனவே பின்னணி எதுவும் வரைவதற்கு முன், வெறும் தரையும் ஒரு பெட்டியும் மட்டும் வைத்து, குதிப்பது பிடித்திருக்கிறது என்று பிள்ளை சொல்லும் வரை விளையாட விடுங்கள். பிறகு அந்த எண்ணைத் தொடாதீர்கள். வேகம் 12 என்றால், 125 நீளமும் 78 உயரமும் உள்ள ஒரு செவ்வகத்தைத் தனி ஸ்பிரைட்டாக (தனியாக நகர்த்தக்கூடிய உருவமாக) வரைந்து, இடைவெளிகளில் வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 90 புள்ளி இடைவெளி சின்னப் பிள்ளைகளுக்கு எளிது. 115-ஐத் தாண்டினால் பெரியவர்களே தடுமாறுவார்கள்.

ஆபத்தை நிறத்தால் மட்டும் குறிப்பது

சிவப்பைத் தொட்டால் உயிர் போகும் என்று கட்டளை அமைப்பது எளிது. ஆனால் மதுரைப் பிள்ளை கோயில் மதிலை வரையாமல் இருக்குமா? அதே சிவப்பில் பட்டை அடித்தவுடன், மதிலோரம் நடக்கும் அணில் காரணமே இல்லாமல் செத்து விழும். நெருப்பையும் முள்ளையும் தனி ஸ்பிரைட்டாக வைத்து, அந்த ஸ்பிரைட்டைத் தொட்டதா என்று கேட்கும் கட்டளையைப் பயன்படுத்துங்கள்.

நாணயங்களைக் குவிப்பது

ஒரே நாணயத்தை நகலெடுத்துத்தான் குவிப்பார்கள். ஸ்கிராட்சில் அப்படிப்பட்ட நகல்கள், அதாவது குளோன்கள், ஒரே நேரத்தில் 300-க்கு மேல் இருக்க முடியாது.

பிள்ளையின் கையிலிருந்து மவுஸை வாங்கிக்கொள்வது

வேண்டாம். விரலால் திரையில் காட்டுங்கள்.

செய்தவரே சோதித்து முடிப்பது

நிண்டெண்டோ 2015-இல் வெளியிட்ட சூப்பர் மாரியோ மேக்கரில், ஒருவர் தாம் அமைத்த லெவலைத் தாமே ஆடி முடித்துக் காட்டினால்தான் மற்றவர்களுக்கு அனுப்ப முடிந்தது. முடிக்கவே முடியாத லெவலை அந்த விதி தடுத்தது. புதியவருக்குப் புரியாத லெவலைத் தடுக்கவில்லை. அதனால் கேமை இதுவரை பார்த்திராத பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். ஆடும்போது யாரும் வழி சொல்லக்கூடாது. அது எந்த இடத்தில் திரும்பத் திரும்ப விழுகிறது என்பதை உங்கள் பிள்ளையே ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும். மறுநாள் அந்த இடங்களை மட்டும், ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முதலிலிருந்து ஆடிப் பார்க்கட்டும்.