சோக் போட்டால்தான் வண்டி ஓடுகிறதா? ஸ்லோ ஜெட்டைக் கழற்றிப் பாருங்கள்

மாதக்கணக்கில் நின்ற பைக் ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் அது வேறு கதை. இந்தப் பதிவு, ஸ்டார்ட் ஆகியும் ஒழுங்காக ஓடாத வண்டிக்கு. சோக் போட்டிருக்கும் வரை ஓடும், சோக்கை எடுத்ததும் இரண்டு முக்கு முக்கி அணைந்துவிடும். ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் உயிரோடு இருக்கும், கையை விட்டால் போச்சு. மெல்ல எடுத்தால் திணறும், நன்றாக முறுக்கினால் ஒன்றுமே நடக்காத மாதிரி இழுத்துக்கொண்டு போகும்.

ஊர் வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு வருடத்துக்கும் மேலாகக் கிடந்த எங்கள் பழைய ஸ்பிளெண்டர் செய்தது அச்சு அசல் இதுதான். ‘கார்புரேட்டர் போயிருச்சு சார், புதுசு போட்டுருங்க’ என்றார்கள் ஒரு ஒர்க்‌ஷாப்பில். போடவில்லை. இன்றைக்கும் அதே கார்புரேட்டரில்தான் ஓடுகிறது.

முதலில், வண்டி என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். சோக் என்பது உள்ளே போகும் காற்றைக் குறைக்கும் தகடு. காற்று குறைந்தால் எஞ்சின் உறிஞ்சும் வேகத்தில் பெட்ரோல் கூடுதலாக வரும். அப்படியென்றால் சோக் போட்டால் மட்டும் ஓடும் வண்டிக்குப் பெட்ரோல் போதவில்லை. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர், அதில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள குட்டிப் பித்தளைப் பாகம்தான் ஜெட். முறுக்கினால் சரியாகிறதே, அப்போது பெட்ரோல் தருவது மெயின் ஜெட். ஐட்லிங்கிலும் மெதுவாகப் போகும்போதும் தருவது ஸ்லோ ஜெட், சிலர் பைலட் ஜெட் என்பார்கள். மெயின் ஜெட் வேலை செய்கிறது, ஸ்லோ ஜெட் அடைத்துக்கொண்டிருக்கிறது. பிளக், காயில், பேட்டரி எதையும் வாங்கும் முன்னால் இதைப் பாருங்கள்.

அடைப்பு எப்படி வருகிறது? கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும். வண்டி சும்மா கிடந்தால் அதில் லேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் மஞ்சள் பிசினாகப் படியும். ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. முதலில் அடைபடுவது அதுதான். போதாக்குறைக்கு இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். டேங்கில் பெட்ரோல் எடுக்கும் குழாய் இருப்பதும் அந்த அடியில்தான்.

இது கார்புரேட்டர் வண்டிக்கு மட்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு விற்ற வண்டிகளில் பெரும்பாலானவை இன்ஜெக்‌ஷன். அவற்றில் திறந்து பார்க்க ஜெட் கிடையாது.

எடுத்து வைக்க வேண்டியவை

ஸ்பேனருக்கு தப்பாரியா கம்பெனி செட் போதும், பத்தாம் நம்பரும் பிளக் ஸ்பேனரும் கட்டாயம். கார்புரேட்டர் க்ளீனர் ஸ்ப்ரே ஒரு டப்பா, நீளமான மெல்லிய குழாயோடு வருவது. சாதாரண டபிள்யூடி-40 இதற்கு ஆகாது. துருப்பிடித்த போல்ட்டை இளக்க அருமையான சாமான், காய்ந்த பிசினை அது ஒன்றும் செய்யாது.

காசு செலவழிக்க வேண்டிய ஒரே இடம் ஸ்க்ரூடிரைவர். ஜப்பான் வழிவந்த வண்டிகளின் கார்புரேட்டரில் இருப்பது பார்க்க ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும் ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) வகை. வீட்டிலிருக்கும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் அதில் முழுசாக உட்காராது, அழுத்தித் திருகினால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். பித்தளை ஜெட்டுக்கு, அதன் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் தட்டை முனை ஒன்றும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

அப்புறம் ஒரு கண்ணாடி பாட்டில், பழைய சார்ஜர் ஒயர் ஒரு துண்டு, ஸ்க்ரூக்களைப் போட்டு வைக்க டிபன் பாக்ஸ் மூடி. வேலையை வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பக்கத்தில் விளக்கு, பீடி, அடுப்பு எதுவும் கூடாது.

பழைய பெட்ரோலை இறக்குங்கள்

பெட்ரோல் டேப்பை மூடி, ட்யூபைக் கழற்றி, ரிசர்வில் வைத்துக் கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடியுங்கள். ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தனி அடுக்காக ஏதாவது நின்றால் டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, முழுதையும் இறக்கியே ஆக வேண்டும். அடுக்கு இல்லாவிட்டாலும் பெயிண்ட் கடை வாடை அடித்தால் இறக்கிவிடுங்கள். ‘புதுப் பெட்ரோல் ரெண்டு லிட்டர் கலந்தா சரியாப் போயிரும்’ என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். இறக்கியதைச் சாக்கடையில் ஊற்றாமல் மெக்கானிக் கடையில் கொடுங்கள், பாகம் கழுவ வைத்துக்கொள்வார்கள்.

கார்புரேட்டரைக் கழற்றுவது

ஏர் ஃபில்டர் பக்க ரப்பரின் கிளாம்பு, எஞ்சின் பக்க இரண்டு நட்டு, மேலே ஆக்சிலேட்டர் கேபிள் வரும் மூடி. அவ்வளவுதான். மூடியைத் திருகி இழுத்தால் கேபிளோடு ஸ்லைடும் (ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஏறி இறங்கும் உருளை) ஊசியும் சேர்ந்து வரும். அதை அப்படியே ஒரு துணியில் சுற்றித் தொங்க விடுங்கள், ஊசி வளைந்துவிடக் கூடாது. ஸ்லைடின் பக்கவாட்டில் உள்ள வெட்டுகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஸ்லோ ஜெட், இங்கேதான் நிதானம் வேண்டும்

அடிக்கிண்ணத்தைத் திறந்ததும் ஓரத்தில் தேன் நிறத்தில் படலம் தெரியும். நடுவில் பளிச்சென்று தெரிவது மெயின் ஜெட். எல்லோரும் அதைக் கழற்றி ஊதிவிட்டு, சுத்தமாகத்தானே இருக்கிறது என்று மூடிவிடுகிறார்கள். ஸ்லோ ஜெட் அதன் பக்கத்தில் ஒரு குழிக்குள்ளே இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால்தான் அதன் தலை தெரியும்.

அதில் ஸ்க்ரூடிரைவர் வெட்டு இருந்தால் முனையை நன்றாக உட்கார வைத்து, அழுத்தம் கொடுத்து ஒரே திருப்பு. வரவில்லையா? க்ளீனர் அடித்து அரை மணி நேரம் ஊறவிட்டு மறுபடி. சில கார்புரேட்டர்களில் ஸ்லோ ஜெட்டை அழுத்திப் பொருத்தியிருப்பார்கள், வெட்டே இருக்காது. அதைக் கழற்றப் பார்க்காதீர்கள், இருந்த இடத்திலேயே வைத்துச் சுத்தம் செய்ய வேண்டியதுதான்.

கழற்றிய ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமாக ஓர் ஊசி முனை வெளிச்சம் தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் பாதி அடைப்பு. எங்கள் வண்டியில் ஒன்றுமே தெரியவில்லை. க்ளீனரில் ஊறவைத்து, சார்ஜர் ஒயரிலிருந்து ஒரே ஓர் இழை செம்புக் கம்பியை உருவி நுழைத்து எடுத்தால் பச்சையாக ஒரு துகள் விழும். குண்டூசியும் தையல் ஊசியும் பக்கத்திலேயே வரக்கூடாது. ஜெட் பித்தளை, ஊசி எஃகு. துளை இம்மி பெரிதானாலும் அதன் பிறகு வண்டி பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். ஜெட்டின் பக்கவாட்டில் சின்னச் சின்னத் துளைகள் இருந்தால் அவற்றிலும் இதே வைத்தியம்.

ஜெட் சுத்தமானதும் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. ஜெட்டைத் தாண்டி, கார்புரேட்டர் உடம்புக்குள் பெட்ரோல் போகும் வழி ஒன்று இருக்கிறது, அதுவும் பிசினால் அடைத்திருக்கும். எனக்குக் கார்புரேட்டரை மறுபடி இறக்கும்படி ஆனது இந்த வழியால்தான்.

பக்கவாட்டில் சின்னதாக ஒரு மிக்ஸர் ஸ்க்ரூ இருக்கும். கழற்றும் முன் அதை மெதுவாக உள்ளே திருகி, உட்காரும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். உட்கார்ந்ததும் நிறுத்துங்கள், இறுக்கினால் முனை கெட்டுவிடும். பிறகு முழுதாகக் கழற்றுங்கள். ஸ்பிரிங், வாஷர், குட்டி ஓ-ரிங் ஆகியவை உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும், கொக்கிபோல் வளைத்த கம்பியால் எடுங்கள். மிதவையையும் ரப்பர் பாகங்களையும் எடுத்த பிறகே க்ளீனர் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் ஊதிப் பெருத்துவிடும்.

இப்போது ஸ்லோ ஜெட் இருந்த துளையில் குழாயை வைத்து அழுத்துங்கள். மிக்ஸர் ஸ்க்ரூவின் துளையிலிருந்தும், ஸ்லைடு ஓடும் பாதையின் தரையில் இருக்கும் பொடித் துளையிலிருந்தும் பீறிட்டு வர வேண்டும். ஒன்றில் வரவில்லை என்றால் அதை விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். வரும் துளையை விரலால் மூடிக்கொண்டு அடித்தால் அழுத்தம் மற்றதில் போகும். பஞ்சர் கடையில் கொடுத்துக் காற்றடித்து வாங்குவது இன்னும் நல்லது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எந்தத் துளையிலிருந்து முகத்தில் அடிக்கும் என்று சொல்ல முடியாது.

மாட்டுவது, ட்யூனிங்

கழற்றியதற்குத் தலைகீழ். மிக்ஸர் ஸ்க்ரூவை எழுதி வைத்த சுற்றுக்குக் கொண்டுவாருங்கள், எழுத மறந்திருந்தால் ஒன்றரைச் சுற்று வெளியே வைத்து ஆரம்பிக்கலாம். ஸ்லைடை எடுத்த படத்தைப் பார்த்து அதே மாதிரி இறக்குங்கள். பிறகு, ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஆக்சிலேட்டரை முறுக்கி விடுங்கள். ஸ்லைடு ‘டக்’ என்று சத்தத்தோடு கீழே விழ வேண்டும். விழவில்லை என்றால் ஸ்லைடு மாறி உட்கார்ந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் அலறும்.

புதுப் பெட்ரோல் ஊற்றி, சோக்கோடு ஸ்டார்ட் செய்து, சூடானதும் சோக்கை எடுங்கள். ஐட்லிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாக இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். சத்தம் எங்கே வேகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்தி, ஐட்லிங்கைப் பழையபடி இறக்குங்கள். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றின் அளவை மாற்றும், உள்ளே திருகினால் பெட்ரோல் பங்கு கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் நேர் எதிர். ஆனால் காதால் கேட்டு வைப்பவருக்கு இந்த வித்தியாசம் தேவையே இல்லை.

பிளக்கைப் புதிதாகவே போட்டுவிடுங்கள். சோக்கிலேயே ஓட்டிப் பார்த்ததில் பழையது கரி பிடித்திருக்கும், தேய்த்துத் தேய்த்துப் போடும் அளவுக்கு விலையும் இல்லை. எஞ்சின் ஆயிலையும் மாற்றுங்கள்.

பின்சேர்க்கை

பதிவைப் படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்கள் கேட்டவை:

மாட்டியதும் ஓவர்ஃப்ளோ ட்யூபில் பெட்ரோல் சொட்டுகிறது என்று பலர் சொன்னார்கள். கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்துவது மிதவை ஊசி, அதன் முனையில் தூசி நின்றால் அது மூடாது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் கிண்ணத்தை லேசாக இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதிலேயே நின்றுவிட்டது. நிற்காதவர்கள் கார்புரேட்டர் கிட் வாங்கி ஊசியை மாற்றுங்கள், ஸ்பேர்ஸ் கடையில் மாடல் சொன்னால் கொடுப்பார்கள்.

சோக் இல்லாமல் ஓடுகிறது, ஆனால் ஐட்லிங் ஏறி ஏறி இறங்குகிறது என்றால் எஞ்சின் பக்க ஓ-ரிங்கையும் ரப்பரையும் பாருங்கள். கழற்றும்போது வெடித்த ரப்பர் வழியாகக் காற்று உள்ளே போகும்.

இன்னொருவருக்கு எல்லாம் சரியாகி, இரண்டு கிலோமீட்டர் போனதும் வண்டி நின்றுவிடுகிறதாம், கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப ஓடுகிறதாம். டேங்க் மூடியைத் திறக்கச் சொன்னேன், ‘புஸ்’ என்று காற்று உள்ளே போனது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போக மூடியில் ஒரு பொடித் துளை உண்டு. அதில் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. உங்கள் வண்டி திண்ணையிலோ கொட்டகையிலோ கிடந்தது என்றால் மூடித் துளை, ஓவர்ஃப்ளோ ட்யூபின் நுனி, ஏர் ஃபில்டர் பெட்டியின் வாய் மூன்றையும் கம்பியால் ஒருமுறை குத்திப் பார்த்துவிடுங்கள்.