செம்பனை எண்ணெயின் நிறத்தைக் கண்ணால் அளக்கும்போது

பினாங்கின் பிறை வட்டாரத்தைப் போன்ற இடங்களில் ஆய்வகப் பணிக்குப் புதிதாக வருவோர், எண்ணெயின் நிறத்தை நிறக் கண்ணாடிகளோடு ஒப்பிட்டு அளக்கும் லோவிபாண்ட் கருவியின் சிவப்பு, மஞ்சள் கண்ணாடிகளை மாற்றிப் பொருத்துவதில் காட்டும் அக்கறையைப் பெரும்பாலும் மாதிரியைத் தயார் செய்வதில் காட்டுவதில்லை. சுத்திகரித்த செம்பனை எண்ணெய் குளிரூட்டிய அறையில் பாதி உறைந்துவிடும் என்பதால், அது முழுவதும் உருகித் தெளியும்வரை சூடாக்கி, தேவையானால் வடிகட்டிய பிறகே கருவியில் வைக்கும் கண்ணாடிக் கலத்தில் ஊற்ற வேண்டும்; மிதக்கும் நுண்படிகங்கள் ஒளியைச் சிதறடித்து அளவீட்டைக் கெடுத்துவிடும். கலத்தின் வெளிப்புறத்தில் பதிந்த விரல் ரேகையும் அதே வேலையைச் செய்யும்.

சுத்திகரித்த எண்ணெய்க்கு 5¼ அங்குலக் கலத்தைப் பயன்படுத்துவது வழக்கம். கலத்தின் அளவைக் குறிப்பிடாமல் ‘சிவப்பு 3’ என்று மட்டும் பதிவேட்டில் எழுதினால், என்னைக் கேட்டால், அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. மஞ்சள் கண்ணாடியின் எண்ணைச் சிவப்பு எண்ணின் பத்து மடங்காக வைத்துத் தொடங்கினால், எண்ணெயின் நிறத்தோடு பொருத்தம் விரைவில் கிடைக்கும்.

நிறத்தை உற்றுப் பார்க்கப் பார்க்கக் கண் சலித்து வேறுபாடு மங்கிவிடுவதால், சில நொடிகள் பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கி ஓய்வு கொடுங்கள். வெளியே நண்பகல் வெயிலில் நின்றுவிட்டு வந்த உடனேயும் அளக்க வேண்டாம். ஐயம் இருந்தால், உங்கள் எண்ணைச் சொல்லாமல் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர் தம் குறையை அறியாமலேயே இருக்கக்கூடும் என்பதால், இப்பணியில் அமர்த்தும் முன்பே நிறப்பார்வைச் சோதனை செய்வது அவசியம்.