செட்டிநாட்டுக் கல்யாணத்துக்கு சினிமா மாதிரி ஒரு டிரெய்லர்: முதன்முறை செய்பவர்களுக்கு

கல்யாண வீடியோ முழுதாக எடிட் ஆகி வீட்டுக்குப் போய்ச் சேர ஒன்றிரண்டு மாதம் ஆகிவிடும். அதற்குள் சொந்தபந்தம் எல்லாரும் வாட்ஸ்அப்பில் பார்த்துத் தீர்ப்பது அந்த ஒன்றரை நிமிட டிரெய்லரைத்தான். காரைக்குடிப் பக்கம் கல்யாணங்களுக்கு கேமரா எடுத்துப் போகும் நான் முதலில் செய்த டிரெய்லரில் தொடக்கம் முதல் கடைசி வரை ஸ்லோ மோஷன், மேலே ஒரு பிரம்மாண்டமான இசை. பெண்ணின் ஆயா (அம்மாவைப் பெற்ற பாட்டி) பார்த்துவிட்டு, "எல்லாம் அழகா இருக்குப்பா, நம்ம மேளச் சத்தத்தைத்தான் காணோம்" என்றார்கள். அன்றிலிருந்து நான் டிரெய்லரைச் சத்தத்திலிருந்துதான் தொடங்குகிறேன். இங்கே சொல்லப்போவதும் அந்த முறைதான்.

முதலில் ஒரு கதை

காலையிலிருந்து இரவு வரை நடந்ததை வரிசையாகச் சுருக்கினால் பார்ப்பவருக்குச் சீக்கிரம் சலித்துவிடும். எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை முதல் பத்து நொடிக்குள் உணர்த்திவிட்டு, அதைக் கடைசி வரை காட்டாமல் தள்ளிக்கொண்டே போக வேண்டும். நம் ஊரில் அந்தக் கதை தயாராகவே இருக்கிறது. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடு, சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எல்லாரும் வந்து இறங்க, கல்யாணத்துக்காகத் திறக்கிறது. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு தெரு நடந்தாலே இது புரியும்.

அதனால் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், வீடு திறக்கும் அன்றே போய்விடுங்கள். எப்போது திறக்கிறார்கள் என்று பெண் வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் மிக முக்கியமாக நினைக்கும் படி இதுதான்.

அந்தக் காட்சியை இப்படி எடுக்கலாம். சாவித்துவாரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கேமரா. பெரியவர் கை சாவியை நுழைக்கிறது, முதல் திருப்பில் அசையவில்லை, இரண்டாம் திருப்பில் உள்ளே கனமாக ஒரு சத்தம். பர்மாத் தேக்குக் கதவு முனகிக்கொண்டு திறக்கிறது. கேமராவை அசைக்காமல் கதவு முழுதாகத் திறக்கும் வரை ஓடவிடுங்கள். முகப்பு, அதற்கப்பால் வளவு என்னும் தூண் சூழ்ந்த நடு முற்றம், அதற்கப்பால் வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டு என்று வாசல் வாசலாக ஒரே கோட்டில் தெரியும். ஸ்லோ மோஷன் வேண்டவே வேண்டாம், சத்தம் போய்விடும். தனி ரெக்கார்டர் இருந்தால் கதவு சுழலும் குடுமிக்குப் பக்கத்தில் வையுங்கள். இல்லையென்றால் ஃபோனில் குரல் பதிவைப் போட்டு அங்கே வைத்தாலும் போதும்.

கேமரா அமைப்பு

நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்தக் கணக்கில் டியூப்லைட் வெளிச்சம் படத்தில் துடிக்காது. ஸ்லோ மோஷனுக்கு மட்டும் 50 பிரேம், ஷட்டர் 1/100. அதை எடிட்டில் 25 பிரேம் டைம்லைனில் போட்டால் சரியாகப் பாதி வேகம். எந்த ஷாட்டுக்கு ஸ்லோ மோஷன் என்பதை முன்பே முடிவுசெய்யுங்கள். மாலையிலிருந்து உதிரும் இதழ், அழைப்பில் திரும்பிப் பார்க்கும் பெண்ணின் முகம் மாதிரி நாலைந்து இடம் போதும். வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிப்படுத்தும் வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள், ஒரே ஷாட்டுக்குள் நிறம் மாறிவிடும். வளவு வெளிச்சத்துக்கு 5600 கெல்வின் வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

வளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உச்சி நேரத்தில் வெயில் நேராக இறங்கும், நடுவில் நிற்பவர் கண்ணுக்குக் கீழே கருப்பு விழும். ஆளைத் தூண் ஓரமாக, தாழ்வாரத்து நிழல் முடியும் இடத்தில், முகம் முற்றத்தைப் பார்க்க நிறுத்துங்கள். வெயில் பட்ட தரையிலிருந்து எழும்பி வரும் வெளிச்சம் முகத்தில் மெத்தென்று விழும், தனி லைட்டே வேண்டாம். தரை ஆத்தங்குடிக் கல் என்றால் இன்னொரு வசதியும் உண்டு. அந்தக் கல்லைக் கண்ணாடிப் பலகை மேல் வார்த்து எடுப்பதால் அதன் முகம் வழவழப்பாக இருக்கும். கேமராவைத் தரையோடு தரையாக வைத்தால் நடந்து வருபவரின் பிம்பம் தரையிலும் தெரியும். கேமரா ஆடாமல் தாங்கும் கிம்பல் இல்லாதவர்கள் ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் கேமராவை வைத்தே இதை எடுக்கலாம்.

சேகரிக்க வேண்டிய சத்தங்கள்

டிரெய்லரின் முதுகெலும்பு இதுதான். சாவி, கதவு, மாப்பிள்ளை அழைப்பின் நாதஸ்வரம், தவில் தனியாக அரை நிமிடம், சீர்ப் பாத்திரம் பரப்பும்போது எழும் சத்தம், ஆச்சிமார் பேச்சு, கடைசியாக கெட்டிமேளம். மேளக்காரருக்குப் பக்கத்தில் மைக் வைத்தால் சத்தம் உடைந்துவிடும். பத்தடி தள்ளி வைத்து, மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் குறைத்துக்கொள்ளுங்கள். உடைந்துபோன சத்தத்தை எடிட்டில் சரிசெய்ய முடியாது.

ஒரு குரலும் வேண்டும். ஆயாவிடமோ அப்பத்தாவிடமோ (அப்பாவைப் பெற்ற பாட்டி) முதல் நாள் சாயங்காலம் பத்து நிமிடம் உட்காருங்கள். "ஆயா, உங்க கல்யாணம் இதே வளவுலதானா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர்கள் சொல்வதில் ஒரு வரி உங்கள் டிரெய்லருக்கு வசனமாகிவிடும். எழுதிக் கொடுத்துப் பேசச் சொல்லாதீர்கள், அது குரலில் தெரிந்துவிடும்.

கல்யாணத்தன்று

கோவில் மாலை வருவது, இசைகுடிமானம் என்னும் கல்யாண ஒப்பந்தம் எழுதும்போது குனிந்திருக்கும் பெரியவர் முகம், செட்டிநாட்டுத் தாலியான கழுத்திருவைக் கையில் எடுக்கும்போது பெண்ணின் தாயார் கண், இவை தவறக் கூடாது. கழுத்திருவைக் கிட்டத்தில் எடுக்க முகூர்த்த நேரத்தில் முயலாதீர்கள், கூட்டம் விடாது, சடங்குக்கும் இடைஞ்சல். முன்னதாகவே வீட்டாரிடம் கேட்டு, மஞ்சள் கயிறும் பொன்னும் ஒரே பிரேமில் வரும்படி எடுத்துவிடுங்கள். திருப்பூட்டு (தாலி கட்டும்) நேரத்தில் முழு வீடியோவுக்கான கேமரா ஒன்று நிலையாக நிற்கட்டும். டிரெய்லருக்கான கேமரா எதிரே திரும்பி, பார்த்துக்கொண்டிருப்பவர்கள் முகத்தை எடுக்கட்டும்.

எடிட்

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு இதற்குத் தாராளமாகப் போதும். படத்தைத் தொடாமல் முதலில் சத்தங்களை மட்டும் டைம்லைனில் அடுக்குங்கள். கண்ணை மூடிக் கேட்டாலே கதை புரிய வேண்டும். என் அளவு இது: சாவியும் கதவும் 12 நொடி, ஆயா குரல் 15 நொடி, இசை ஏறும் பகுதி 40 நொடி, அப்புறம் திடீர் நிசப்தம்.

இசைக்கு நிமிடத்துக்கு 100 தட்டு (பீட்) உள்ளதாக எடுத்தால் 25 பிரேம் கணக்கில் ஒரு தட்டுக்குச் சரியாக 15 பிரேம் வரும், எண்ணிக்கொண்டே வெட்டலாம். தொடக்கத்தில் ஒரு ஷாட்டுக்கு எட்டுத் தட்டு, நடுவில் நாலு, உச்சத்தில் ஒன்று. சினிமாப் பாட்டைப் போட்டால் யூடியூப் உரிமைக் கோரிக்கை வரக்கூடும். உரிமம் வாங்கிய இசையை எடுத்து, அதன் மேல் நீங்கள் பதிவுசெய்த தவிலை அதே தட்டில் உட்கார வையுங்கள். அடுத்த காட்சியின் சத்தம் படத்துக்கு அரை நொடி முன்பே வரட்டும், வெட்டு உறுத்தாது.

உச்சத்தில் மாப்பிள்ளை கை கழுத்திருவோடு முன்னால் வருகிறது. அங்கே இசையை அறுத்துவிடுங்கள். இரண்டு நொடி எதுவும் இல்லை. ஆயாவின் முகம். கருப்புத் திரை, அதன் மேல் கெட்டிமேளம் மட்டும், பிறகு பெயர்களும் தேதியும். திருப்பூட்டை டிரெய்லரில் காட்டாதீர்கள், அது முழு வீடியோவுக்கு உரியது.

மேலும் கீழும் கருப்புப் பட்டை வேண்டுமென்றால் 1920க்கு 1080 அளவில் மேலே 138, கீழே 138 பிக்சல் மறைத்தால் 2.39க்கு 1 என்ற அகலத்திரை வடிவம் வரும். நிறத்தில் கை மீறாதீர்கள். நீலமும் ஆரஞ்சுமாக ஏற்றினால் மஞ்சள் கயிறும் பட்டின் அரக்கும் செத்துவிடும்.

அனுப்புவதற்கு முன்

பரப்பி வைத்த சீரையும் வைர நகையையும் ஊர்ப் பெயர்ப் பலகையோடும் வீட்டு முகப்போடும் சேர்த்துப் பொதுவில் போடாதீர்கள். கல்யாணம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு அந்த வீடு மறுபடியும் பூட்டித்தான் கிடக்கும். எதைக் காட்டலாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

கடைசியாக, ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரண ஃபோனில், ஃபேன் ஓடும் கூடத்தில் போட்டுக் கேளுங்கள். சின்ன ஸ்பீக்கரில் ஆழமான சத்தம் எடுபடாது, ஆயாவின் குரலை இசை மூடிவிடவும் கூடும். இசையைக் குறைத்து மறுபடி கேளுங்கள். அந்தச் சாவி இரண்டாம் முறை திரும்புவது அதிலும் தெளிவாகக் கேட்டால் அனுப்பிவிடலாம்.