காயத்துக்கு முன்னால் ஈரலைச் சொல்லுங்கள்

எங்கள் வீட்டுக்காரருக்கு ஈரல் சுருங்கி நான்கு வருடமாகிறது. கள்ளையோ சாராயத்தையோ தொட்டவர் அல்லர். நீரிழிவும் ஈரலில் படிந்த கொழுப்பும் செய்த வேலை. ஊருக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்துவிட்டது.

போன வருடம் நந்திக்கடல் களப்பில் வலை வீசும்போது இறால் கொம்பு உள்ளங்கையில் குத்தியது. காலை பத்து மணி. மாலையில் மணிக்கட்டுவரை சிவந்து வீங்கியது. இரவு எட்டு மணிக்கு நாவற்பழ நிறத்தில் ஒரு கொப்புளம். காயம் கடுகளவு, நோவோ கை முழுவதும். ஆஸ்பத்திரியில் “இறால் குத்திவிட்டது” என்றேன். வாங்கில் இருத்திவிட்டார்கள். கிளினிக் கொப்பியை நீட்டி “ஈரல் சுருங்கியவர்” என்ற பிறகுதான் ஓட்டம் தொடங்கியது. ஆகவே முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: ஈரல் வருத்தக்காரர், உப்புத் தண்ணீரில் காயம், இத்தனை மணிக்கு.

அந்த ஓட்டத்துக்குக் காரணம் விப்ரியோ வல்னிபிகஸ் என்ற கிருமி. அது வெதுவெதுப்பான, உப்புக் குறைந்த களப்பு நீரில் வாழ்வது. பழுதான ஈரல் கிருமியை வடித்துப் பிடிக்காது. இரத்தத்தில் மிஞ்சும் இரும்பு அதற்குத் தீனி. இரத்தத்தில் கலந்துவிட்டால் ஏறத்தாழ பாதிப்பேர் பிழைப்பதில்லை. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், மஞ்சள் பற்றும் போடாதீர்கள்.

புண் இருந்தால் களப்பில் இறங்கக் கூடாது. குத்திவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மட்டி, சிப்பியை ஓடு திறந்த பின்னும் 3 முதல் 5 நிமிடம் கொதிக்க விடுங்கள். தேசிக்காய்ப் புளி கிருமியைக் கொல்லாது. இதில் என் மாமியோடு இன்னும் வழக்கு நடக்கிறது.

காலபோக வயலில் வேறொன்று, மெலியோய்டோசிஸ் என்ற நோய். சேற்றிலும் மழைநீரிலும் இருக்கும் கிருமி, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறும். முழங்கால்வரை பூட்ஸ் போடுங்கள். வயலில் நின்றவருக்குக் காய்ச்சல் விடாமல் நின்றாலோ, இருமலோ சீழ்க்கட்டியோ வந்தாலோ, வயலையும் சொல்லி இரத்தக் கல்ச்சர் (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுப்பீர்களா என்று கேளுங்கள். இதற்கு இரத்த நாளத்தில் ஊசி குறைந்தது பத்து நாள், அதன்பின் மாதக்கணக்கில் குளிசை. சுகமாகிவிட்டது என்று இடையில் நிறுத்தினால் திரும்பி வரும்.

காய்ச்சலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஈரல் வருத்தக்காரருக்கு உடம்பு சுடாமலே கிருமி ஏறலாம். வயிற்றில் நீர் கட்டியவர் பகலில் தூங்கி வழிந்தாலோ பேச்சுத் தடுமாறினாலோ அன்றே கொண்டுபோங்கள். அந்த இரவு இவர் என்னை அக்கா என்று கூப்பிட்டார். பகிடி விடுகிறார் என்று சிரித்துவிட்டேன்.