வீட்டு ஒலிப்பதிவில் கிற்றார் ஒலிகளைக் குறித்து வைக்கும் முறை

திருகோணமலையில் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்பவர்களுக்கு ஒரு பாட்டு ஒரே மூச்சில் முடிவது அரிது. வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் தகரக் கூரையின் இரைச்சல் ஒலிவாங்கிக்குள் புகுந்துவிடும் என்பதால், ஐப்பசியில் தொடங்கிய பாட்டை மாசியில்தான் மறுபடி கையில் எடுக்க முடிகிறது. அப்போது இரண்டாம் சரணத்தை மட்டும் திரும்ப வாசிக்க வேண்டி வந்தால், பழைய ஒலியை நினைவை மட்டும் நம்பி மீட்பது மிகவும் கடினம். ஆகவே பதிவு முடிந்த கையோடு, எந்தக் குமிழையும் தொடுவதற்கு முன்பே, அந்த ஒலியைத் தந்த அமைப்புகளைக் கொப்பியில் எழுதிவிட வேண்டும்.

தந்தியிலிருந்து கணினி வரை ஒலி எந்த வழியாகச் செல்கிறதோ, அந்த வரிசையிலேயே எழுதுவது நல்லது. டிலே பெடலுக்கு (எதிரொலி தரும் கால்மிதிக் கருவி) முன்னால் ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) இருப்பதும் பின்னால் இருப்பதும் முற்றிலும் வேறான ஒலிகளைத் தருவதால், வரிசையும் குறிப்பின் ஒரு பகுதியே. ஒரு பதிவுக்கான குறிப்பு இவ்வாறு அமையலாம்:

“10–46 தடிமன் தந்தி, அரைச்சுரம் இறக்கியது. பிரிட்ஜ் பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தக் கருவி), வொலியூம் 8, டோன் 10. ஓவர்டிரைவ்: டிரைவ் 9 மணி, டோன் 12 மணி, லெவல் 2 மணி. டிலே 375 மில்லிசெக்கன், பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 தட்டு. அம்ப் (ஒலிபெருக்கி): கெயின் 4, பாஸ் 5, மிட் 6, ட்ரெபிள் 5. ஒலிவாங்கி ஸ்பீக்கர் துணியிலிருந்து 5 சென்ரிமீற்றர், கூம்பின் விளிம்பை நோக்கி.”

எண் போடாத குமிழ்களைக் கடிகார முள்ளாகக் கருதி மணிக் கணக்கில் எழுதுவதே எளிது. கைத்தொலைபேசியில் படமும் எடுக்கலாம்; ஆனால் நேர் மேலிருந்து எடுக்க வேண்டும், ஏனெனில் சரிவாக எடுத்த படத்தில் குமிழின் கோடு இடம் மாறித் தெரியும். ஒலிவாங்கியின் தூரத்தையும் இடத்தையும் மட்டும் அடிமட்டத்தால் அளந்தே எழுதுங்கள். கூம்பின் நடுவிலிருந்து விளிம்புப் பக்கமாக அது சற்றே நகர்ந்தாலும் ஒலியின் கூர்மை குறைந்துவிடும்.

தந்தி மாற்றிய திகதியையும் பலர் எழுதுவதில்லை. உப்புவெளி, நிலாவெளி போன்ற கரையோர இடங்களில் உப்புக்காற்றால் தந்திகள் விரைவில் துருப்பிடித்து மங்கலாக ஒலிக்கும். எல்லாக் குமிழ்களும் சரியாக இருந்தும் ஒலி பொருந்தவில்லை என்றால் முதலில் தந்தியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் கருவியில் செய்த மாற்றங்களைப் பாட்டின் பெயரிலேயே உடனுக்குடன் சேமித்துவிடுங்கள். சேமிக்காத மாற்றம் மின்சாரம் நின்றதும் போய்விடக்கூடும். கணினிப் பிளகின் (ஒலியை மாற்றும் மென்பொருள்) பயன்படுத்துபவர்கள் அதன் பதிப்பு எண்ணையும் எழுதுவதோடு, எஃபெக்ட் எதுவும் சேராத வெறும் கிற்றார் ஒலியைத் தனி ட்ராக்கில் எப்போதும் பதிந்து வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது கையில் இருந்தால், மறுபடி வாசிக்காமலேயே ஒலியை மட்டும் மாற்றி அமைக்கலாம்.

கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் திகதி முதலில் வரட்டும்: “2025-02-16_மழைப்பாட்டு_லீட்_03”. அதே பெயரைக் கொப்பியில் குறிப்பின் தலைப்பாகவும் எழுதினால் இரண்டையும் பொருத்துவதில் குழப்பம் வராது.

குறிப்பு போதுமானதா என்பதைச் சோதிக்க, எல்லாக் குமிழ்களையும் பூச்சியத்துக்குத் திருப்பிவிட்டு, கொப்பியை மட்டும் பார்த்து ஒலியை மறுபடி அமைத்து, பாட்டின் ஒரு சிறு பகுதியை வாசித்துப் பழைய பதிவோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். வேறுபாடு தெரிந்தால், எந்த அமைப்பு எழுதப்படாமல் போயிற்று என்பதைக் கண்டுபிடித்து அன்றே சேர்த்துவிடுங்கள்.